கட்டிலின் நடுவே ஓடிய எல்லைக்கோடு

ஹெஸ்லர்பர்க்கைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரே டவுன்ஷிப்தான், அதாவது விவசாயிகளின் கிராம ஊராட்சி. உளுந்து வடைக்கு நடுவில் ஓட்டை இருக்கிற மாதிரி, வயலும் பால் பண்ணையுமாகப் பரந்து கிடக்கிற அந்த டவுன்ஷிப்புக்கு நடுவில் இந்தச் சின்னப் பரோ, தனியாட்சி பெற்ற சிற்றூர். வடையைத் தின்கிறவர்கள் ஓட்டையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஓட்டைக்குள் குடியிருக்கிறவர்கள் அப்படி இருந்துவிட முடியாது. அவர்களுக்கென்று தனி மன்றம் உண்டு, தனி மேயர் உண்டு, முப்பத்தோரு தெருவிளக்கு, ஒரு தீயணைப்பு வண்டி, இருநூற்று எண்பத்தேழு பேர். தெற்கே ஓடை, வடக்கே பீச் மரச் சரிவு, மேற்கே ரயில் நின்றுபோன பாதை. கிழக்கே ஸ்பிரிங் தெருவின் கடைசியில் லியோனா ட்ரெஸ்லரின் வீடு. அந்த வீட்டோடு ஊர் முடிகிறது என்றுதான் எழுபது வருஷமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

லியோனாவின் அப்பா அந்த வீட்டைக் கட்டி முடித்த வருஷத்தில்தான் அவள் பிறந்தாள். இப்போது எழுபத்தொன்று. சட்டை ஆலை மூடுகிற வரைக்கும் அதில் காலர் தைத்தாள். மூடிய பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினாள். குட்டையான உருவம், நாற்பது பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமலே உட்கார வைத்துப் பழகிய குரல். முப்பத்திரண்டு வருஷமாகப் பரோ மன்றத்தில் உறுப்பினர். ஒரு தேர்தலிலும் அவளை எதிர்த்து யாரும் நின்றதில்லை. அது ஊர் தன்மேல் வைத்திருக்கும் மரியாதை என்று அவள் சொல்வாள். கூட்டம் நடக்கிற செவ்வாய்க்கிழமைச் சாயங்காலத்தைக் கெடுத்துக்கொள்ள வேறு யாரும் தயாராக இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

ஊரின் பூர்வீகத்தை அவளிடம் யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் தப்பிக்க முடியாது. தோல் பதனிடும் ஆலை இருந்த காலத்தில் இந்த இடமும் டவுன்ஷிப்பில்தான் இருந்தது. மெயின் தெருவில் முழங்கால் சேறு. ஆலைத் தொழிலாளிகள் நடப்பதற்குப் பலகை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார்கள். டவுன்ஷிப்பை நடத்திய விவசாயிகள், சேறு இருந்தால் பூட்ஸ் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். ரோஷம் வந்த ஆலைக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போய்த் தனி ஊராகப் பிரிந்து வந்தார்கள். முதல் வருஷம் நடைபாதைக்குப் பலகை, இரண்டாம் வருஷம் விளக்கு. ஆலை எரிந்துபோய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்த பூட்ஸ் பேச்சை, தான் பிறப்பதற்கு அறுபது வருஷம் முன்னால் யாரோ யாருக்கோ சொன்ன பேச்சை, தன் முகத்துக்கு நேரே சொன்னதாகத்தான் லியோனா எடுத்துக்கொண்டிருந்தாள்.

வருஷா வருஷம் மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஊர்க்காரர்கள் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். மன்றத்தார் ஏழு பேர் முன்னால், மற்றவர்கள் பின்னால், ரோட்டோரமாகத் தீயணைப்பு வண்டி. ஒவ்வொரு எல்லைக்கல்லுக்கும் வந்ததும் மன்றத்தில் மூத்தவர் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டி, "இருக்கு!" என்று கத்த வேண்டும். எல்லோரும் "இருக்கட்டும்!" என்பார்கள். சுற்றி முடித்தால் தீயணைப்பு நிலையத்தில், இரும்புக் கொப்பரையில் பன்றித்தொடை போட்டு வெந்த பீன்ஸ் சூப்.

இதில் கிழக்கு எல்லைதான் தகராறு. மூன்றாம் கல் ஓடைப் பக்கம், நான்காம் கல் மேலே சரிவில். இரண்டுக்கும் நடுவில் ஊற்று கசிந்து சதுப்பாகக் கிடக்கும். அங்கே இருந்த நடுக்கல்லை ஏதோ ஒரு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இவர்கள் காலை நனைத்துக்கொண்டு வருகிறார்களே என்று இரக்கப்பட்டு, லியோனாவின் அம்மா பின்வாசல் தாழ்வாரத்தில் காப்பியும், புட்டியில் போட்டு வைத்திருந்த புளிப்புச் செர்ரியில் செய்த கேக்கும் வைத்தாள். அடுத்த வருஷம் எல்லோரும் நேராகத் தாழ்வாரத்துக்கே வந்தார்கள். அதற்கடுத்த வருஷம், கல் இல்லாவிட்டால் என்ன என்று தாழ்வாரத்துத் தூணைத் தட்டி "இருக்கு!" என்றார்கள். அப்புறம் தூணே எல்லையாகிவிட்டது. எழுபது வருஷச் சுத்தியலடியில் அதில் ஒரு கிண்ணம் அளவுக்குக் குழி. அம்மா போன பிறகு கேக் லியோனாவின் பொறுப்பு. கேக்குக்காக ஊர் எல்லை வளைந்துகொண்டிருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

லியோனாவின் புருஷன் ஹார்லன் டவுன்ஷிப்காரன். டவுன்ஷிப்பின் பனி தள்ளும் லாரியை ஓட்டியவன். கிழக்கே இருந்து தள்ளிக்கொண்டு வருவான். பரோ எல்லை வந்ததும் முன்னால் இருக்கிற தகட்டைத் தூக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். எல்லை வந்தது லியோனாவின் வீட்டு கேட்டுக்கு முன்னால் என்பதால், அதுவரை தள்ளி வந்த பனி முழுக்க அந்த கேட்டில் குவியும். ஒரு ஜனவரி மாதக் காலையில், அப்போது இருபத்து மூன்று வயதுக்காரியான லியோனா மண்வெட்டியோடு லாரியை மறித்தாள்.

"யோவ், இதை யாரு அள்ளுவா? உங்கப்பனா?"

"கோட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லம்மா. உங்களுக்குத்தான் தனி மேயர் இருக்காரே, அவரை வரச் சொல்லு."

"இன்னும் பத்தடி வந்தா உன் கௌரவம் குறைஞ்சிடுமோ?"

"சட்டம் சட்டம்தான். ஆனா காப்பி குடுத்தா இறங்கி வர்றேன்."

காப்பி கிடைத்தது. அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டுக்கே குடிவந்தான். பத்தடி மட்டும் கடைசிவரை வரவில்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு பனிக்காலமும் சொந்த வீட்டு கேட்டிலேயே பனியைக் குவித்துவிட்டு, லாரியை டவுன்ஷிப் கொட்டகையில் நிறுத்திவிட்டு, நடந்து வந்து மண்வெட்டியை எடுத்து அவனே அள்ளுவான். லியோனா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டுவாள். குளிர் உள்ளே வருவதைப் பற்றிக் கவலைப்படாமல் திட்டுவாள். ஊர் அவனை வெளியூர் மாப்பிள்ளை என்று நாற்பத்து நாலு வருஷம் கேலி செய்தது. தபால் ஆபீஸில் அவன் தலையைக் கண்டாலே, "விசா இருக்கா ஹார்லன்?" என்பார்கள். அவனும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டுல வெச்சிட்டேன், அவ பூட்டி வெச்சிருக்கா" என்பான்.

ஒரு வெள்ளத்துக்குப் பிறகு வீடு ஓடைப் பக்கமாக இரண்டு விரற்கடை சாய்ந்தது. படுத்தால் உருள்கிறோமே என்று ஹார்லன் வால்நட் மரத்தில் ஒரு கட்டிலை அறைக்குள்ளேயே செய்து, ஒரு பக்கக் கால்களுக்குக் கட்டை கொடுத்து, தரையோடு சேர்த்து இறுக்கி முடுக்கிவிட்டான். கிழக்கு ஜன்னல் பக்கம் அவன், எதிரே சுவர்ப் பக்கம் அவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் அவன் நெஞ்சுவலியில் போனான். அந்த வாரமே லியோனா ஜன்னல் பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். தன் இடத்தில் படுத்தால் காலியாகக் கிடப்பது அவனுடைய இடம். அவன் இடத்தில் படுத்தால் காலியாகக் கிடப்பது அவளுடைய இடம்தானே, அதைப் பார்த்து யார் அழப்போகிறார்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஊரில் ஒருவரை ஒருவர் முட்டி வலியைக் கேட்பார்கள், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைக் கேட்பார்கள். மனசைக் கேட்கிற வழக்கம் இல்லை.

வம்பு வெண்டல் கிஸ்லர் ரூபத்தில் வந்தது. வெண்டல் மன்றத் தலைவர், ஊரின் குழாய் வேலைக்காரர், மூன்றாம் வகுப்பில் லியோனாவின் பின்பெஞ்சுக்காரர். நல்ல மனிதர், அதுதான் அவரோடு சண்டை போடுவதில் கஷ்டம். ஒரு குளிர்காலக் கூட்டத்தில் அவர், டவுன்ஷிப்போடு திரும்பச் சேர்ந்துவிடலாம் என்று பேச்சை எடுத்தார்.

"நான் சொல்றத சொல்லி முடிக்க விடு லியோனா. இந்த மேஜையில ஏழு பேர் இருக்கோம். ஏழு பேர்கிட்டயும் சேத்து நல்ல முட்டி நாலுதான் தேறும். நமக்கப்புறம் இந்த நாற்காலியில யாரு உக்காருவா?"

"முட்டியாலயா மீட்டிங் நடத்துற? வாயாலதானே நடத்துற. அது நல்லாத்தானே ஓடுது."

"கேலி பண்ணாத. நீ போயிட்டா யாரு, நான் போயிட்டா யாரு? ஒரு பேர் சொல்லு பாப்போம்."

லியோனாவால் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்காகச் சேர்ந்துவிட முடியுமா? "பூட்ஸ் வாங்கிக்கோன்னு சொன்னவனுங்ககிட்ட போயி நிக்கச் சொல்றியா?" என்று மட்டும் கேட்டாள். மன்றத்தில் வெண்டலோடு சேர்த்து மூன்று பேர் இணைப்புக்குச் சரி என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். நாலாவது 'வேண்டாம்' லியோனாவுடையது. வாக்கெடுப்பு ஜூன் மாதக் கூட்டத்தில் என்று முடிவாயிற்று. அதற்குள் ஊர் எல்லையை முறைப்படி அளந்து வரைபடம் தயாராக வேண்டும். அளக்காத ஊரை எப்படிச் சேர்ப்பது?

ஏப்ரலில் அளக்க வந்தவள் நடீன் ஸ்வோப். முப்பது வயதுப் பெண், ஆரஞ்சு மேல்சட்டை, மூன்று கால் நாற்காலி மாதிரி ஒரு தாங்கியில் அளவுக் கருவி. ஊர் தனியாகப் பிரிந்தபோது எழுதிய சாசனத்தின் நகல் கையில். மூன்றாம் கல்லை ஓடைக்கரைப் புதரிலிருந்து தோண்டி எடுத்தாள், நான்காம் கல்லைச் சரிவில் பீச் மரத்தின் வேருக்குள் கண்டுபிடித்தாள். இரண்டாம் நாள் முழுக்க இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் நடந்தாள். லியோனா அவளைக் கூப்பிட்டுத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து, காப்பியும் செர்ரி கேக்கும் கொடுத்து, பூட்ஸ் கதையை முதலிலிருந்து சொன்னாள். நடீன் கேக்கைத் தின்று முடித்துவிட்டுத் தூணில் இருந்த குழியைத் தடவிப் பார்த்தாள்.

"மிஸஸ் ட்ரெஸ்லர், சாசனத்துல இந்தத் தூண் இல்லீங்களே."

"அது சாசனத்துக்கு அப்புறம் வந்த தூண் கண்ணு."

"இல்லீங்க... மூணாவது கல்லுலேருந்து நாலாவது கல்லுக்கு நேர்கோடுன்னு எழுதியிருக்கு. நேரா போனா கோடு இங்க வராது." கொஞ்சம் தயங்கினாள். "உங்க படுக்கையறைக்குள்ள வரலாமா?"

லியோனா முன்னால் ஓடிப்போய்ப் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். நடீன் ஓடைப் பக்க ஜன்னலைத் திறந்து ஒரு ஆரஞ்சு நூலை உள்ளே விட்டு, சரிவுப் பக்க ஜன்னல் வழியாக வெளியே இழுத்துக் கட்டினாள். நூல் தலைமாட்டுப் பலகையைத் தாண்டி, இரண்டு தலையணைக்கும் நடுவே இறங்கி, போர்வையின் மேல் நெடுக ஓடி, கால்மாட்டைத் தாண்டிப் போயிற்று. சுவர்ப் பக்கத் தலையணை பரோவில். ஜன்னல் பக்கத் தலையணை டவுன்ஷிப்பில்.

லியோனா நூலைப் பார்த்தாள். அப்புறம் அவள் மூளை வேறெங்கோ போயிற்று.

"அப்ப என் வீட்டு கேட்டு?"

"கேட்டு டவுன்ஷிப்லதாங்க. கேட்டுக்கு முன்னாடி ரோடும். கடைசித் தெருவிளக்குகூட அந்தப் பக்கம்தான்."

"அப்ப அந்தப் பனி..." லியோனாவின் குரல் ஏறியது. "அந்தப் பனி அவன் வேலை! சட்டப்படி அவன் வேலை! இத்தனை வருஷம் பத்தடி முன்னாலேயே தகட்டைத் தூக்கிட்டு, சட்டம் சட்டம்தான்னு எங்கிட்டயே... ஹார்லன்!" என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். வாழ்க்கையிலேயே பெரிய சண்டையில் ஜெயித்துவிட்டாள். சொல்லிக் காட்ட ஆள் இல்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பேருந்து ஓட்டிய அந்தக் குரலால் கொஞ்ச நேரம் அழுதாள்.

நடீன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் பக்க மேஜையில் மூக்குக் கண்ணாடியும், பாதி குடித்த தண்ணீர் டம்ளரும், மடக்கி வைத்த புத்தகமும் இருந்தன. சுவர்ப் பக்கத் தலையணை இஸ்திரி போட்டதுபோல மடங்காமல் கிடந்தது. அவள் அதையெல்லாம் பார்த்தாள் என்று லியோனாவுக்குத் தெரிந்தது. நடீன் நூலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

செய்தி ஒரு நாளில் ஊர் சுற்றியது. தபால் ஆபீஸில் ஹார்லனிடம் கேட்ட கேள்விகள் இப்போது லியோனாவுக்கு வந்தன. "விசா இருக்கா லியோனா?" என்றார் ஒருவர். "ராத்திரி புரண்டு படுத்தா சுங்கம் கட்டணுமா?" என்றார் இன்னொருவர். அந்த வருஷ எல்லை நடையில் எல்லோரும் தாழ்வாரத்தில் கேக்கைத் தின்றுவிட்டுத் தூணைத் தட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் மூத்தவர் சுத்தியலைத் தூக்கி, கேக் இருக்கிற வரைக்கும் இதுவும் இருக்கு என்று சொல்லித் தட்டிவிட்டார்.

ஆனால் வக்கீல் கேப்ஹார்ட்டின் கடிதம் வந்தபோது சிரிப்பு நின்றது. மாதத்துக்கு ஒரு முறை கூட்டத்துக்கு வந்துபோகும் பரோ வக்கீல் அவர். மன்ற உறுப்பினர் பரோவில் வசிக்க வேண்டும், வீட்டின் நடுவே கோடு போனால் ஆள் எங்கே தலை வைத்துப் படுக்கிறாரோ அதுதான் அவர் ஊர் என்று எழுதியிருந்தார். லியோனா டவுன்ஷிப்காரி என்று ஆகிவிட்டால் நாலாவது வாக்கு போயிற்று. அவள் இடத்துக்கு வேறு ஆளும் கிடைக்காது. நூற்று முப்பது வருஷத்து ஊரை அடைத்துச் சாத்திவிட வேண்டியதுதான்.

அவள் மூன்று நாள் சுவர்ப் பக்கம் படுத்துப் பார்த்தாள். கண்ணைத் திறந்தால் எதிரே ஹார்லனின் காலி இடம். நாலாம் நாள் ஜன்னல் பக்கமே போய்விட்டாள். கட்டிலை நகர்த்தலாம் என்று பார்த்தால், தரையைப் பெயர்க்காமல் அது வராது. என்ன மனுஷன் இவன், முடுக்கினாலும் முடுக்கினான் என்று திட்டினாள். திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்ததில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

ஜூன் கூட்டத்தன்று ஏழு மணிக்கும் வெளியே நல்ல வெயில். வழக்கமாக இரண்டு பேர் வந்து தூங்கிவழியும் இடத்தில் நாற்பது பேர் மடக்கு நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடீன் சுருட்டிய வரைபடத்தோடு கடைசி வரிசையில் இருந்தாள். கேப்ஹார்ட் தன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார்.

"அப்ப சமையலறை கணக்குல வராதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"வராதுங்க. தலைதான் கணக்கு."

"எம் புருஷன் தலை எப்பவும் டிவி முன்னாடிதான் கெடக்கு" என்றாள் ஒருத்தி. வெண்டல் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, லியோனாவைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்.

"கேக்கவே எனக்குச் சங்கடமா இருக்கு லியோனா. வேற வழி இல்ல. கட்டில்ல நீ எந்தப் பக்கம்?"

நாற்பது பேரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் திரும்பி நடீனிடம், "நீதானம்மா உள்ள போயி அளந்த? உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.

"நான் கோட்டைத்தான் அளந்தேன். தலையணையை அளக்கல" என்றாள் நடீன், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

ஆக, சுவர்ப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் பிழைத்துவிடும். நாற்பத்து நாலு வருஷம் அது உண்மையாகத்தானே இருந்தது. லியோனா வாயைத் திறந்தாள். அப்போது சொந்த வீட்டு கேட்டில் பனியைக் குவித்துவிட்டு, கொட்டகையிலிருந்து நடந்தே வந்து, தாடியெல்லாம் பனியோடு மண்வெட்டியைப் பிடித்து நின்ற மனிதன் அவள் நினைவில் வந்து நின்றான். கோடு இருந்த இடம் தப்பு. ஆனால் கோடு என்று நம்பியதை அவன் ஓரடிகூடத் தாண்டவில்லை. அவனோடு படுத்த கட்டிலைப் பற்றி அவள் எப்படிப் பொய் சொல்வாள்?

"நாப்பத்துநாலு வருஷம் சுவர்ப் பக்கம்" என்றாள். "ஹார்லன் போனதுலேருந்து ஜன்னல் பக்கம். மூணு வருஷமா அவன் பக்கம்தான் படுக்கிறேன்." நிறுத்தினாள். பேருந்துக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "அந்த இடம் காலியா கெடக்குறத என்னால பாக்க முடியல. அவ்வளவுதான்."

வெண்டல் பேனாவை மூடினார், திறந்தார்.

"ரூத்தன் போனப்புறம் நான் ரெண்டு வருஷம் சோபாவுல படுத்தேன்" என்றார். அவர் மனைவியைப் பற்றி மன்றத்தில் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேப்ஹார்ட் பக்கம் திரும்பினார். "இப்ப சட்டப்படி என்ன?"

"இடம் காலிங்க. பரோவுல குடியிருக்கிற ஒருத்தரை மன்றமே நியமிக்கணும். அப்புறம்தான் வாக்கெடுப்பு."

"சரி. யாரு வர்றீங்க?" என்று வெண்டல் கூடத்தைப் பார்த்துக் கேட்டார். இன்னொரு முறை கேட்டார். ஒருவர் கதவைப் பார்த்தார், ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒருத்திக்குத் திடீரென்று கைப்பையில் எதையோ தேட வேண்டியிருந்தது. "பாத்தியா?" என்றார் வெண்டல் லியோனாவிடம். "இதைத்தான் நான் ஆறு மாசமா சொல்றேன்."

"தெரியுது" என்றாள் லியோனா.

இப்படியே விட்டிருந்தால் வெண்டல் ஜெயித்திருப்பார். மூன்றுக்கு மூன்று என்று இழுத்து, ஆள் கிடைக்காததைச் சொல்லியே எதிர்ப்பக்கத்தில் ஒருவரை மாற்றி முடித்திருப்பார். அவருக்கும் அது தெரியும். ஆனால் அவர் நாற்காலியை லியோனா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"உன்னைத் தோக்கடிக்கணும்னு மூணாங்கிளாஸ்லேருந்து எனக்கு ஆசை. ஆனா மேஜையில வெச்சுத் தோக்கடிக்கணும், ஹார்லன் செஞ்ச கட்டில்ல வெச்சு இல்ல. இன்னிக்கு ராத்திரிலேருந்து எந்தப் பக்கம் படுப்ப? அதைச் சொல்லு. சொன்னா நானே உன் பேரை முன்மொழியிறேன்."

முன்னதைவிட இந்தக் கேள்விதான் கஷ்டமாக இருந்தது. முன்னதற்குப் பதில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. இதற்கு இனிமேல்தான் நடக்க வேண்டும். லியோனா ஜன்னல் வழியே மெயின் தெருவைப் பார்த்தாள். விளக்குகள் ஏற்றுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஹார்லன் இருந்திருந்தால், போடி, உன் இடத்துக்குப் போய்ப் படு, உன் கால் முழுக்க என் பக்கம்தான் இருக்கு என்றிருப்பான். எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்.

"என் பக்கம்" என்றாள்.

"சத்தியமா?"

"நான் எப்பப் பொய் சொன்னேன்? இப்பக்கூடச் சொல்லலையே."

கேப்ஹார்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாராவது கோர்ட்டுக்குப் போனா, நான் இன்னிக்கு வரவே இல்லைன்னு சொல்லிடுவேன்" என்றார். வெண்டல் முன்மொழிந்தார். ஆறு பேரும் கை தூக்கினார்கள். செயலாளர் டார்லா பேனாவைப் பிடித்துக்கொண்டு, இதை எப்படி எழுதுவது என்று விழித்தாள்.

"எழுது" என்றார் வெண்டல். "திருமதி லியோனா ட்ரெஸ்லர் இன்று முதல் ஹெஸ்லர்பர்க்குக்குக் குடிவந்தார். மன்றம் அவரை வரவேற்கிறது."

எழுபத்தொரு வருஷம் கழித்து ஊருக்குக் குடிவந்த லியோனாவுக்கு நாற்பது பேரும் கை தட்டினார்கள். அப்புறம் வாக்கெடுப்பு நடந்தது. வெண்டல் கொஞ்சமும் மாறாமல் இணைப்புக்குச் சரி என்றே வாக்களித்தார். நாலுக்கு மூன்று. ஊர் இருக்கட்டும் என்று ஆயிற்று. கூட்டம் கலையும்போது வெண்டல் அவள் பக்கத்தில் வந்து, "அந்தக் கடைசி விளக்கு டவுன்ஷிப்ல எரியுதே, அதை என்ன பண்றது?" என்றார்.

"எரியட்டும். வெளியூர்க்காரனுக்கு நாம குடுத்ததா இருக்கட்டும்" என்றாள் லியோனா.

வீட்டுக்குப் போய் முதல் வேலையாக மூக்குக் கண்ணாடியையும் டம்ளரையும் புத்தகத்தையும் சுவர்ப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னல் பக்கத் தலையணையைத் தட்டி, உப்ப வைத்து, அதன் இடத்திலேயே விட்டாள்.

காலையில் அவள் கண் விழித்தபோது வெயில் கால்மாடு வரை வந்திருந்தது. தலை சுவர்ப் பக்கத் தலையணையில், சட்டப்படி பரோவுக்குள் இருந்தது. ஒரு கை மட்டும் கோட்டைத் தாண்டி டவுன்ஷிப்பில், அவன் தலையணையின் மேல் கிடந்தது. சட்டம் தலையைத்தான் கேட்டது, கையைக் கேட்கவில்லை. லியோனா அதை அங்கேயே விட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள்.